பேசிஸ்: அடிப்படை அல்ல, அடக்கவிலை

அமெரிக்காவில் நிலத்தடிக் கனிம உரிமையை, அதாவது எண்ணெய், எரிவாயு போன்றவற்றை எடுக்கும் உரிமையை, விற்றவர்களுக்கு வரிக்கணக்கைத் தமிழில் விளக்குவோர், 'பேசிஸ்' (basis) என்ற ஆங்கிலச் சொல்லை 'அடிப்படை' ஆக்கி, "உங்கள் அடிப்படை எவ்வளவு?" என்று எழுதுகிறார்கள். எதற்கு அடிப்படை? படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. அகராதியில் முதலில் கண்ணில் பட்ட சொல்லை எடுத்து ஒட்டியதன் விளைவு இது.

'பேசிஸ்' கிரேக்கச் சொல். அடி, பீடம் என்று பொருள். இலத்தீன் வழியே ஆங்கிலத்துக்கு வந்தது. வரிச் சட்டத்தில் அது ஒரு தொகை. விற்றுவந்த பணத்தில் லாபம் எவ்வளவு என்று பார்க்கக் கழிக்க வேண்டிய முதல். இதற்கு நம் வியாபாரிகளிடம் பழகிய சொல் இருக்கிறது: அடக்கவிலை. "அடக்கத்துக்கே தருகிறேன்" என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை.

'கொள்முதல் விலை' போதாதா என்பார்கள். போதாது. கனிம உரிமை பலருக்குப் பெற்றோர் வழியே வருவது. அங்கே கொள்முதலே இல்லை. தந்தை 5,000 டாலருக்கு வாங்கியது, அவர் இறந்த நாளில் சந்தையில் 48,000 பெறும் என்றால், வாரிசின் அடக்கவிலை 48,000. அதை 60,000-க்கு விற்றால் லாபம் 12,000 மட்டுமே. விற்ற பிறகு, விற்பனைத் தொகையைத் தெரிவிக்க வரும் 1099-எஸ் வரிப் படிவத்தில் மொத்தத் தொகைதான் இருக்கும், அடக்கவிலை இருக்காது. விற்பனை லாப நட்டத்தைக் காட்டும் 8949 படிவத்தில் அதை எழுத வேண்டியவர் விற்றவரே. 'அடிப்படை' என்ற சொல் புரியாமல் அந்தக் கட்டத்தில் சுழியம் போட்டவருக்கு, 15 சதவீத வரியில், 1,800 கட்ட வேண்டிய இடத்தில் 9,000 போகும். சொல் குழப்பத்துக்கு இத்தனை பெரிய விலை! அந்த 48,000-ஐ மெய்ப்பிக்க, இறந்த நாளுக்கான மதிப்பீட்டு அறிக்கையும் வேண்டும்.

உயிரோடு இருக்கும்போதே தந்தை அன்பளிப்பாகக் கொடுத்திருந்தால் கதையே வேறு. பழைய 5,000-தான் தொடரும். நிலத்தையும் கனிமத்தையும் ஒரே விலைக்கு வாங்கியிருந்தால், வாங்கிய நாளின் மதிப்பு விகிதப்படி பிரிக்க வேண்டும்.

இறப்பின்போது அடக்கவிலையில் நடக்கும் மாற்றத்தை, ஆங்கிலத்தின் 'ஸ்டெப்-அப்' என்பதை அப்படியே பெயர்த்து, 'அடிப்படையின் படி உயர்வு' என்று எழுதுவது இன்னும் மோசம். சம்பள உயர்வு போல இருக்கிறது! சந்தை விழுந்திருந்தால் அந்தத் தொகை இறங்கவும் செய்யும். 'அடக்கவிலை மறுநிர்ணயம்' என்றால் இரண்டுக்கும் பொருந்தும்.

கனிமம் எடுக்க எடுக்கக் குறைவதற்காக வரிக்கணக்கில் தரும் கழிவான 'டிப்ளீஷன்' (depletion) என்பதைத் 'தேய்மானம்' ஆக்குவதும் தவறு. எந்திரம் தேயும், எண்ணெய் தேயாது, எடுக்க எடுக்கத் தீரும். 'இருப்புக் குறைவுக் கழிவு' என்பதே சரி. ராயல்டி வருமானத்தில், அதாவது எடுத்த கனிமத்துக்காக உரிமையாளருக்குக் கிடைக்கும் பங்கில், ஆண்டுதோறும் எடுத்த இந்தக் கழிவு அடக்கவிலையைச் சுழியம் வரை குறைக்கும், அதற்குக் கீழே போகாது. இதை மறந்து பழைய அடக்கவிலையையே எழுதினால் லாபம் குறைவாகத் தெரியும், பின்னால் வரித்துறையிடமிருந்து நோட்டீஸ் வரும். விற்கும்போது, அப்படி அடக்கவிலையைக் குறைத்த கழிவு, லாபத்தின் அளவு வரை, சம்பளம் போன்ற சாதாரண வருமானமாக வரிக்கணக்கில் திரும்பும். அது தொழில் சொத்து விற்பனைக்கான 4797 படிவத்தில் போகும். தேய்மானம் என்று படித்தவர் எந்திரம் எதுவும் இல்லையே என்று அந்தப் படிவத்தைத் தொடவே மாட்டார்.