நாய் பாதத்தை நக்கிக்கொண்டே இருந்தால்

என் மேசைமேல் ஏறும் வெள்ளை நாய்களில் பலவற்றுக்குப் பாதம் மட்டும் செம்பழுப்பாக இருக்கும். “அது பழக்கம் டாக்டர், சும்மா இருந்தாலே நக்கும்” என்பார்கள். அது அழுக்கல்ல, நாள் முழுக்க நக்கியதில் படிந்த எச்சில் கறை. விரலிடுக்கில் முடியை விலக்கினால் தோல் சிவந்து, ஈரமாக, புளித்த வாடை அடிக்கும். காதைத் தூக்கினாலும் அதே வாடை. பாதம், காது, அக்குள், அடிவயிறு என்று அரிப்பு இருந்து, அது மூன்று வயதுக்குள் தொடங்கியிருந்தால், என் சந்தேகம் முதலில் ஒவ்வாமை மேல்தான். அதிலும் சிங்கப்பூரில் தூசிப்பூச்சி மேல்.

“மாதா மாதம் உண்ணி மருந்து கொடுக்கிறோமே!” சரி, கொடுங்கள். ஆனால் தூசிப்பூச்சி நாயின் உடம்பில் குடியிருப்பதில்லை, கடிப்பதுமில்லை. மெத்தை, சோபா, நாயின் படுக்கை என்று தங்கி, உதிரும் தோல் செதில்களைத் தின்று வாழ்கிறது. கண்ணுக்கும் தெரியாது. அதன் கழிவும் செத்த உடலும்தான் வினை. வீவக அடுக்குமாடி வீட்டைவிட்டு அதிகம் இறங்காத மால்டீசுக்கும் ஷிட்சூவுக்கும் இது வருவதில் ஆச்சரியமே இல்லை. நாள் முழுக்கப் படுத்திருப்பதே அந்த சோபாவில்தானே.

“தினமும் கூட்டித் துடைக்கிறேனே டாக்டர்” என்று ஓர் அம்மா கண்கலங்கினார். உங்கள் தப்பில்லை அம்மா என்றேன். ஒவ்வாமை பெரும்பாலும் பிறவியிலேயே வரும் வாகு. தூசிப்பூச்சி காற்றின் ஈரத்தை உறிஞ்சியே பிழைக்கும். நம் ஊரில் அதற்கு ஆண்டு முழுக்க விருந்து.

மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசுகிறவர்கள் உண்டு. பூசியதெல்லாம் நாயின் வாய்க்குள்தான் போகும். டீ ட்ரீ எண்ணெய் பக்கமே போகாதீர்கள், நாய்க்கு அது நஞ்சு.

ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடாதா என்று கேட்பார்கள். நோயில்லாத நாய்க்கும் அதில் ‘பாசிட்டிவ்’ வரலாம். தெள்ளு, சொறிப்பூச்சி, உணவு ஒவ்வாமை என்று ஒவ்வொன்றாகக் கழித்துத்தான் முடிவுக்கு வருகிறோம். குறிப்பிட்ட உணவைத் தவிர வேறெதுவும் கொடுக்காமல் பார்க்கும் உணவுச் சோதனைக்கு மட்டும் எட்டு வாரம். பாதியில் கெடுப்பது பெரும்பாலும் தாத்தா மேசைக்கடியில் நீட்டும் பரோட்டாத் துண்டு.

சொறிந்த தோலில் பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் ஏறியிருந்தால் முதலில் அதற்கு மருந்து. அரிப்பை அடக்க ஓக்லாசிடினிப் மாத்திரை, லோகிவெட்மாப் ஊசி இருக்கின்றன. அடக்குமே தவிர, ஒவ்வாமையை வேரோடு எடுக்காது. அரிப்பு நின்றதும் நீங்களாக மருந்தை நிறுத்தினால் திரும்ப வரும். ஒவ்வாமைப் பொருளையே சிறுகச் சிறுகக் கொடுத்து உடம்பைப் பழக்கும் சிகிச்சையும் உண்டு. பலன் தெரிய ஓராண்டுகூட ஆகலாம், எல்லா நாய்க்கும் பலிப்பதுமில்லை. இளம் நாயாக இருந்தால் நான் அதைத்தான் முதலில் பேசுவேன், ஆயுள் முழுக்க மாத்திரை என்பதை யோசித்துப் பாருங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது: நாயின் படுக்கை உறையை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். கருவியால் தூசி உறிஞ்சும்போது நாயை வேறு அறையில் விடுங்கள். உலர்தீனியை இறுக மூடி வையுங்கள், அதில் வளரும் வேறு வகைப் பூச்சிகளும் ஒவ்வாமை தரும்.

அப்புறம் ஒன்று. டாக்டரிடம் வருவதற்கு முன் நாயைக் குளிப்பாட்டி, காதைச் சுத்தம் செய்துவிட்டு வராதீர்கள். நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க எனக்கு அந்த அழுக்கு வேண்டும்.