பரப்புக்கவர் பலபடி: சொல் விளக்கம்

கடல்நீரிலிருந்து யுரேனியம் எடுக்க உதவும் பொருளை ‘யுரேனியத்தை உறிஞ்சும் பிளாஸ்டிக்’ என்று எழுதுவதுண்டு. பிளாஸ்டிக் என்றதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ‘உறிஞ்சும்’ என்பதைப் பொறுக்க முடியாது. பாலிமர் அட்சார்பென்ட் என்பது அதன் பெயர். தமிழில் பரப்புக்கவர் பலபடி எனலாம்.

கிரேக்கத்தில் பாலி என்றால் பல, மெரோஸ் என்றால் பகுதி. இவற்றைச் சேர்த்து 1833-இல் பாலிமர் என்ற சொல்லை ஆக்கியவர் சுவீடன் வேதியியலாளர் பெர்சீலியஸ். நீண்ட சங்கிலி மூலக்கூறு என்ற இன்றைய பொருளுக்கு அடிப்படை போட்டது 1920-இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஸ்டாடிங்கர் எழுதிய கட்டுரை. பல்லுறுப்பி, பல்பகுதியம் என்றும் தமிழில் வழங்குகிறது. எனக்குப் பலபடிதான் பிடிக்கும். படி என்பதற்குப் பிரதி என்ற பொருளும் இருப்பதால், ஒரே அலகு திரும்பத் திரும்பக் கோக்கப்படுவது அதில் தெரிகிறது.

அட்சார்ப்ஷன்தான் நின்று பார்க்க வேண்டிய சொல். லத்தீனில் சோர்பேரே என்றால் உறிஞ்சிக் குடிப்பது. அட் என்ற முன்னொட்டு, ஒன்றை நோக்கிப் போய்ச் சேர்வதைக் குறிக்கும். 1881-இல் ஜெர்மானிய இயற்பியலாளர் கெய்சர் இதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். உள்ளே புகுந்து பரவினால் உறிஞ்சுதல், மேற்பரப்பில் பிடிபட்டு நின்றால் பரப்புக்கவர்ச்சி.

தருமபுரிக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. நம் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம், பல்லில் பழுப்புக் கறை படிந்தவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. புளோரைடை நீக்கும் வழிகளில் ஒன்று, கிளர்வூட்டிய அலுமினா என்ற, நுண்துளைகள் நிறைந்த அலுமினியம் ஆக்சைடுத் துகள்கள் வழியே தண்ணீரை விடுவது. துகளின் பரப்பில் புளோரைடு பிடிபடும். அங்கே இடம் தீர்ந்ததும் வெளிவரும் தண்ணீரில் மறுபடி புளோரைடு தலைகாட்டும். அப்புறம் காரக் கரைசலால் கழுவி, அமிலத்தால் சரிக்கட்டினால் அதே துகள் திரும்ப வேலை செய்யும்.

கடலில் நடப்பதும் இதுவே. ஆனால் அளவுதான் மலைக்க வைக்கிறது. ஒரு டன் கடல்நீரில் யுரேனியம் சுமார் 3.3 மில்லிகிராம். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி 25 வந்து கொட்டினால் உள்ளே ஒரு கிராம் இருக்கும். கிருஷ்ணகிரியில் வெட்டுகிறார்களே கிரானைட், அந்த வகைப் பாறைகளில் பொதுவாக டன்னுக்குச் சில கிராம் உண்டு. பாறை கரையக் கரைய ஆறுகள் அதைக் கடலில் சேர்க்கின்றன. எல்லாக் கடல்களிலும் சேர்த்து 400 கோடி டன்னுக்கு மேல் என்பது மதிப்பீடு.

அதைப் பிடிக்கும் கொக்கி, அமிடாக்சைம் என்ற வேதித்தொகுதி. இந்தப் பெயரை மொழிபெயர்க்காமல் அப்படியே எழுதுவதுதான் நல்லது. பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் இழையின் மேல் கதிர்வீச்சால் அக்ரைலோநைட்ரைல் சங்கிலிகளை ஒட்டி வளர்க்கிறார்கள். ஹைட்ராக்சிலமீன் என்ற வேதிப்பொருளில் இட்டதும் அந்தச் சங்கிலிகளில் உள்ள நைட்ரைல் தொகுதி அமிடாக்சைமாகிறது. கடல்நீரில் யுரேனியம் கார்பனேட்டோடு இறுகப் பிணைந்திருக்கும், அந்தப் பிணைப்பிலிருந்து பிரித்து இழுக்க இதற்கு வலு உண்டு. அமிலத்தில் அலசினால் யுரேனியம் கழன்று வரும், இழையை மறுபடி கடலில் இறக்கலாம். ஜப்பானின் அவோமோரி கடற்பகுதியில் 1999 முதல் 2001 வரை 350 கிலோ இழைத்துணியை இறக்கி ஏறத்தாழ ஒரு கிலோ மஞ்சள் யுரேனியச் சேர்மம் எடுத்தார்கள்.

இன்னும் தீராத தலைவலி, கடல்நீரில் உள்ள இன்னொரு உலோகமான வனேடியம். அதுவும் அதே கொக்கியில், யுரேனியத்தைவிட இறுக்கமாக மாட்டி இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. வேண்டியதை மட்டும் பிடிக்கும் பண்புக்குத் தெரிவுத்திறன் என்று பெயர். இப்போதைய ஆய்வுகள் பலவும் அதைக் கூட்டுவதற்குத்தான் நடக்கின்றன.