பற்றவைப்பா, பற்றாசா?

மின்னணுச் சுற்றுக்கு ஏற்ற மின்தடைக் கம்பி பற்றிய தமிழ்க் குறிப்புகளில் 'பற்றவைக்கத்தக்க கம்பி' என்று எழுதுகிறார்கள். சால்டரிங்கை மனதில் வைத்து இப்படி எழுதுவது தவறு. போகட்டும் என்று விடக்கூடிய தவறும் அல்ல.

சால்டர் என்பது 'திடமாக்கு' என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல். அதற்குத் தமிழில் பழைய பெயரே இருக்கிறது: பற்றாசு. பொற்கொல்லர் இரு துண்டுகளை இணைக்க நடுவே உருக்கி வைக்கும் உலோகம். ஆசிடை வெண்பாவில் முதற்குறளையும் (முதல் ஈரடிப் பகுதி) அதை அடுத்து வரும் தனிச்சொல்லையும் இணைக்கச் சேர்க்கும் அசைக்கு 'ஆசு' என்று பெயர் வந்ததும் இதனால்தான்.

பற்றவைப்பு என்றாலே போதாதா? போதாது. பட்டறைகளில் அந்தச் சொல் எப்போதோ வெல்டிங்குக்குப் போய்விட்டது. வெல்டிங்கில் இணையும் உலோகமே உருகும். பற்றாசு வைக்கும்போது அது உருகாது. இடையில் வைத்த வெள்ளீய-ஈயக் கலவைதான் சுமார் 183 டிகிரி செல்சியஸில் உருகிப் பரவிப் பிடிக்கும். இந்த வேறுபாடு எங்கே கடிக்கும் என்றால், நிக்கல்-குரோமியக் கலவையான நைக்ரோம் கம்பியில். அதைப் புள்ளி வெல்டிங்கில் நன்றாக இணைக்கலாம். ஆகவே அது 'பற்றவைக்கத்தக்கது'. குறிப்பை நம்பி வாங்கியவர் சால்டரிங் அயர்னை வைத்துப் பார்த்தால், ஈயம் முத்து முத்தாகத் திரண்டு உருண்டு விழும். கம்பியின் மேலுள்ள குரோமிய ஆக்சைடு படலத்தை ரோசின் பிளக்ஸ் (உலோகப் பரப்பைச் சுத்தமாக்கப் பூசும் பிசின்) கரைக்காது. அமில பிளக்ஸ் போட்டால் பிடிக்கலாம்தான், ஆனால் அதன் எச்சம் சுற்றை அரித்துவிடும்.

'சூட்டிணைப்பு' என்றும் சிலர் புனைந்திருக்கிறார்கள். வெல்டிங்கும் சூட்டால் இணைப்பதுதானே? தூய தமிழாக இருந்து என்ன பயன், எதைச் சொல்கிறது என்று தெரியாவிட்டால்? அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டும் பழக்கம்தான் எல்லாவற்றுக்கும் காரணம். மின்தடைக் கம்பியை 'எதிர்ப்புக் கம்பி' ஆக்குவதும் அதே பழக்கம்.

'பற்றாசு ஏற்கும் கம்பி' என்று எழுதுங்கள். கான்ஸ்டன்டன், மாங்கனின் இரண்டும் அந்த வகை. செம்பு மிகுந்தவை என்பதால் சாதாரண ரோசின் பிளக்ஸிலேயே பிடிக்கும். தடைமை, அதாவது ஒரே அளவுக் கம்பி காட்டும் மின்தடை, நைக்ரோமில் பாதிக்கும் குறைவு, அதனால் கம்பி நீளமாக வேண்டும். அப்புறம், கான்ஸ்டன்டன் செம்போடு சேரும் இடம் சூடானால் சிறு மின்னழுத்தம் பிறக்கும். அது மிகக் குறைவாகப் பிறக்கும் மாங்கனினே அளவீட்டுச் சுற்றுக்குச் சரி.

பேச்சில் 'ஈயம் பிடிக்கும் கம்பி' என்பார்கள். பொருள் தெளிவாகவே இருக்கிறது. ஆனால் ஈயமே சேராத பற்றாசு புழக்கத்துக்கு வந்துவிட்ட பிறகு, எழுத்தில் அது ஒத்துவராது.