கோச்: பயிற்சியாளரா, பயிற்றுநரா?

கோச் முதலில் ஆளைக் குறித்த சொல் அல்ல, வண்டியைக் குறித்தது. ஹங்கேரியில் கோச் என்றொரு ஊர். 15ஆம் நூற்றாண்டில் அங்கே செய்த குதிரைவண்டிக்குக் 'கோச்சி', அதாவது கோச் ஊரது, என்று பெயர். ஜெர்மன், பிரெஞ்சு வழியே அது ஆங்கிலத்துக்குப் போனது. நம் ரயில் பெட்டிக்குக் கோச் என்ற பெயரும், இலங்கைத் தமிழர் ரயிலையே 'கோச்சி' என்பதும் அந்த ஆங்கிலச் சொல்லின் கிளைகள்தாம். 1830களில் ஆக்ஸ்போர்டு மாணவர்கள், தேர்வு என்னும் ஆற்றைக் கடத்திவிடும் தனி ஆசிரியரைக் கிண்டலாகக் கோச் என்றார்கள். பிறகுதான் படகுப் போட்டி வழியாக விளையாட்டுக்கு வந்தது.

அமெரிக்கக் கல்லூரிகளில் இந்தச் சொல் ஒரு பதவியாக இறுகியதற்கு பயிற்றுநர் அமோஸ் அலோன்சோ ஸ்டாக் நல்ல சான்று. 1862இல் பிறந்தவர். ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் அவர் இருந்தபோதுதான், 1891 டிசம்பரில், ஜேம்ஸ் நைஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கினார். 1892 மார்ச் 11 அன்று பொதுமக்கள் முன் நடந்த முதல் ஆட்டத்தில் ஆசிரியர்கள் 1-5 என மாணவர்களிடம் தோற்றார்கள். அந்த ஒற்றைக் கூடையைப் போட்டவர் ஸ்டாக். அதே ஆண்டு சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே அவர் கூலிக்கு வந்த ஆள் அல்ல. உடற்கல்வித் துறையை நடத்திய பேராசிரியர். 1896இல் ஐவருக்கு ஐவராக ஆடிய கல்லூரிக் கூடைப்பந்தில் அவருடைய சிகாகோ அணி அயோவாவை 15-12 என வென்றது. 70 வயதில் சிகாகோ ஓய்வு கொடுத்ததும் கலிபோர்னியாவின் பசிபிக் கல்லூரிக்குப் போய் 1933 முதல் 1946 வரை அமெரிக்கக் கால்பந்து அணியை நடத்தினார்.

தமிழுக்கு வருவோம். பயில் தன்வினை, பயிற்று பிறவினை. சுழல், சுழற்று போல. பயில்பவர் பயிலுநர், பயிற்றுபவர் பயிற்றுநர். 'பயிற்சியாளர்' நாளிதழ்களில் வேரூன்றிவிட்டது, தவறென்று தள்ள வேண்டாம். ஆனால் பயிற்சி பெறுபவரையும் அதுவே குறிப்பதால், இருவரும் ஒரே பத்தியில் வந்தால் குழப்பும். இலங்கையின் 'பயிற்றுவிப்பாளர்' பொருளில் தெளிவு, நீளம்தான் சற்று அதிகம். 'பயிற்றுனர்' என்று றன்னகரம் போடுவது பிழை. ஓட்டுநர், இயக்குநர் போல இதற்கும் நகரமே.

பயிற்றுநர்களின் வாழ்க்கைக்குறிப்பு எழுதுவோர் அதிகம் சறுக்குவது எண்ணிக்கையில். அமெரிக்கக் கால்பந்துப் பருவம் இலையுதிர்காலத்தில் தொடங்கி அநேகமாக அந்த ஆண்டுக்குள்ளேயே முடியும். 1892 முதல் 1932 வரை சிகாகோவில் ஸ்டாக் நடத்தியவை 41 பருவங்கள். கழித்துப் பார்த்து 40 என்று எழுதினால் ஒன்று தொலையும். கூடைப்பந்துப் பருவமோ குளிர்காலம் முழுக்க நீள்வது. 1920–21 என்று எழுதினாலும் அது ஒரே பருவம். வெறுமனே 'கால்பந்து' என்றால் நம் வாசகர் உதைபந்தைத்தான் நினைப்பார். முதல் இடத்திலாவது 'அமெரிக்கக்' கட்டாயம். 'கோச்சிங் ரெக்கார்ட்' என்பதற்குப் 'பயிற்சிப் பதிவு' என்ற நேர்பெயர்ப்பு ஒன்று அலைகிறது. அதைப் படித்தால் யாரோ பயிற்சி வகுப்பில் பெயர் பதிந்தது போலிருக்கிறது. 'பயிற்றுநராக அவர் கண்ட வெற்றி தோல்விகள்' என்று எழுதினால் போதும்.

இன்னொன்று: அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் இடைநிறுத்தத்தின்போது (டைம் அவுட்) வீரர்களோடு பேசப் பயிற்றுநருக்கு 1948–49 பருவத்தில்தான் அனுமதி கிடைத்தது. அதற்கு முந்தைய ஆட்டம் ஒன்றில் 'பயிற்றுநர் இடைநிறுத்தம் கேட்டு வியூகத்தை மாற்றினார்' என்று எழுதியிருந்தால், அதைத் திருத்தத்தான் வேண்டும்.