உரிய வழியைத் தாண்டும் கடிதம்: ஜெர்மன் நாடாளுமன்றம் தன் படையைக் கண்காணிக்கும் விதம்

அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு ‘உரிய வழியாக’ என்ற சொற்றொடரின் எடை தெரியும். எந்த மனுவும் முதலில் நேர்மேலதிகாரியிடம் போக வேண்டும். அவர் தம் குறிப்புரையைச் சேர்த்து அடுத்த படிக்கு அனுப்புவார். படைகளில் இந்த ஒழுங்கு இன்னும் இறுக்கமானது. அடிமட்டத்தில் கிளம்பும் செய்தி ஒவ்வொரு படியிலும் சற்று மெருகேறி, அமைச்சரின் மேசையை எட்டும்போது அடையாளம் மாறியிருக்கும். அதன் பிறகு அமைச்சர் நாடாளுமன்றத்தில் பொய் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. தமக்குத் தெரிவிக்கப்பட்டதை அப்படியே வாசித்தால் போதும். எனவே, உறுப்பினர்களுக்குக் கேள்வி கேட்கும் உரிமை இருப்பதைவிட, அமைச்சகத்தைத் தொடாமல் அவர்களிடம் செய்தி வந்து சேர ஒரு வழி இருப்பதே முக்கியம்.

இதை ஜெர்மனி பட்டறிந்து கற்றது. 1934 முதல் அந்நாட்டு வீரர்கள் இட்லரின் பெயரைச் சொல்லி அவருக்கே விசுவாசம் காப்பதாக உறுதிமொழி எடுத்தனர். 1949இல் மேற்கு ஜெர்மனியின் அரசியலமைப்பான அடிப்படைச் சட்டம் இயற்றப்பட்டபோது அந்நாட்டுக்குப் படையே இல்லை. 1955இல் புதிய படை அமைந்ததும், அடுத்த ஆண்டு மார்ச் மாதத்தில் அரசியலமைப்பு திருத்தப்பட்டது. அமைதிக்காலத்தில் படைக்குத் தலைமை தாங்கும் அதிகாரம் பாதுகாப்பு அமைச்சரிடம் தரப்பட்டது. நாடாளுமன்றத்தின் பாதுகாப்புக் குழுவுக்கு அரசியலமைப்பிலேயே இடம் கிடைத்தது. சுவீடனில் 1915 முதல் இருந்த ஏற்பாட்டை முன்மாதிரியாகக் கொண்டு, படைகளுக்கான நாடாளுமன்ற ஆணையர் என்ற பதவியும் உருவானது.

இந்த ஆணையர் அமைச்சகத்தைச் சார்ந்தவர் அல்லர். நாடாளுமன்றம் அவரை இரகசிய வாக்கெடுப்பில் ஐந்தாண்டுகளுக்குத் தேர்ந்தெடுக்கிறது. எந்தப் படைவீரரும், எந்தப் பதவிநிலையில் இருந்தாலும், மேலதிகாரியிடம் சொல்லாமலேயே அவருக்கு நேரடியாக எழுதலாம். எழுதியதற்காக அந்த வீரருக்குப் பாதகம் விளைவிப்பதைச் சட்டம் தடுக்கிறது. அதே வேளையில் பெயரற்ற கடிதங்கள் ஏற்கப்படுவதில்லை. ஆணையர் எந்த முகாமுக்கும் முன்னறிவிப்பின்றிச் செல்லலாம், கோப்புகளைக் கேட்கலாம். இரகசியத்தைக் காரணம் காட்டி மறுப்பதென்றால் அந்த முடிவை அமைச்சரோ அவருடைய பதிலாளோதான் எடுக்க வேண்டும். கட்டளையிடும் அதிகாரம் மட்டும் ஆணையருக்கு இல்லை. குறையைச் சரிசெய்யும்படி அவர் யாரையும் பணிக்க முடியாது. ஆண்டறிக்கையில் எழுதி நாடாளுமன்றத்தின் முன் வைக்கலாம், அவ்வளவுதான். இது பலவீனம்போலத் தோன்றினாலும், கட்டளையிடும் அதிகாரம் இருந்திருந்தால் அவரும் அந்தப் படிநிலையில் இன்னொரு படியாகிப் போயிருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

படையை வெளிநாட்டுக்கு அனுப்புவதிலும் கடிவாளம் நாடாளுமன்றத்திடமே உள்ளது. ஆயுதந்தாங்கிய ஒவ்வோர் அனுப்புகைக்கும் முன்கூட்டியே அதன் ஒப்புதல் தேவை என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 1994 ஜூலை 12 அன்று தீர்ப்பளித்தது. 2005இல் அதற்கென்று தனிச்சட்டமும் வந்தது. 2001 நவம்பரில் ஆப்கானிஸ்தான் நடவடிக்கைக்கு ஒப்புதல் பெற, பிரதமர் செரோடர் அதை நம்பிக்கை வாக்கெடுப்போடு பிணைக்க வேண்டியிருந்தது. தேவைப்பட்ட 334 வாக்குகளுக்கு 336 கிடைத்தன, ஆட்சி தப்பியது.

தவறு நடந்த பிறகு விசாரிக்கவும் ஒரு கருவி உண்டு. நாடாளுமன்றக் குழுக்களில் பாதுகாப்புக் குழு மட்டுமே தன்னைத் தானே விசாரணைக் குழுவாக மாற்றிக்கொள்ள முடியும். அதற்குக் குழு உறுப்பினர்களில் நான்கில் ஒரு பங்கினர் கோரினால் போதும் என்பதால், எதிர்க்கட்சியின் கைக்கும் அது எட்டுகிறது. 2009 செப்டம்பர் 4 அன்று ஆப்கானிஸ்தானின் குண்டூஸ் அருகே ஜெர்மன் அதிகாரி ஒருவர் கோரியதன் பேரில் இரண்டு எரிபொருள் லாரிகள் மீது குண்டு வீசப்பட்டு, பொதுமக்கள் பலர் மாண்டபோது அந்தக் கருவி பயன்பட்டது. ஆனால், பொதுமக்கள் இறந்ததைக் குறித்த அறிக்கை மறைக்கப்பட்ட செய்தியை முதலில் வெளியிட்டது ஒரு நாளிதழ். சம்பவத்தின்போது பாதுகாப்பு அமைச்சராக இருந்த பிரான்ஸ் யோசப் யுங் பதவி விலகிய பிறகே விசாரணைக் குழு அமைந்தது.

பணத்தின் மீதும் பிடி இறுக்கமானதே. இரண்டரைக் கோடி யூரோவைத் தாண்டும் ஒவ்வொரு தளவாட ஒப்பந்தமும் கையெழுத்தாகும் முன் நிதிநிலைக் குழுவின் பார்வைக்கு வருகிறது. அப்படியிருந்தும், 2017 இறுதியில் கடற்படையின் ஆறு நீர்மூழ்கிக் கப்பல்களில் ஒன்றுகூடப் பணிக்குத் தயாராக இல்லை. சிக்கனம் கருதி உதிரிப்பாகங்களைக் கையிருப்பில் வைக்காமல் விட்டது அதற்கு ஒரு காரணம். அந்தச் சிக்கனத்துக்கு வழிவகுத்த வரவு செலவுத் திட்டங்களை ஆண்டுதோறும் நிறைவேற்றியது இதே நாடாளுமன்றம்தான்.

உக்ரைன் போர் வெடித்த பிறகு, 2022 ஜூனில், அரசியலமைப்பைத் திருத்திப் படைக்காக 10,000 கோடி யூரோ சிறப்பு நிதியை நாடாளுமன்றம் ஒதுக்கியது. அந்த ஆண்டு முடியும்வரை அதிலிருந்து ஒரு காசுகூட வீரர்களைச் சென்றடையவில்லை என்று 2023 மார்ச்சில் பகிரங்கமாகச் சொன்னவர், அதே நாடாளுமன்றம் தேர்ந்தெடுத்த ஆணையர் ஏவா ஹோகல்.