மந்தணம்: “இது உங்களோட இருக்கட்டும்”

திருகோணமலையில் ஒரு கிளினிக் நாள். தங்கச்சியின் பிள்ளைக்கு ஊசி போட வேண்டும் என்று நானும் கூடப் போயிருந்தேன். தொங்கு தராசின் கொக்கியில் ஒரு பிள்ளையைத் துணிக் காற்சட்டையோடு மாட்டியிருந்தார்கள். முள் ஆடி நின்றதும் “ஏழு அறுநூறு” என்று தராசடியில் இருந்த கிளினிக் மிஸ் உரக்கச் சொன்னார், மேசையில் இருந்தவர் பிள்ளையின் சுகாதாரக் கார்டில் புள்ளி வைத்தார். “அம்மா, போன மாசமும் இதே நிறைதானே? என்ன சாப்பாடு குடுக்கிறீங்க?” வாங்கில் இருந்த தாய்மார் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தத் தாய் வாய் திறக்கவில்லை. மற்றவர்கள் ஊசி போடும் பக்கம் நகர்ந்த பிறகு மிஸ்ஸுக்குக் கிட்டப் போய்க் குனிந்து ஏதோ சொன்னார். எனக்குக் கேட்டது கடைசி வரி மட்டும்தான்: “மிஸ், இது உங்களோட இருக்கட்டும்.”

கடிதங்களை மூன்று மொழிக்கும் மாற்றுவது என் தொழில். ‘கொன்பிடென்ஷல்’ என்ற முத்திரை குத்திய கோப்பு வந்தால் அதற்குத் தமிழில் என்ன போடுவது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். அந்தத் தாய் சொன்னது அதே முத்திரைதான், பேச்சுத் தமிழில்.

எங்கள் அலுவலகங்களில் வழக்கமாகப் போடும் சொல் ‘அந்தரங்கம்’. வடமொழியில் ‘அந்தர்’ என்றால் உள்ளே, ‘அங்கம்’ என்றால் உறுப்பு. உள்ளுறுப்பு போல நெருக்கமானது, வெளியே தெரியாதது என்ற பொருளில் வந்தது. பழைய உரைநடையில் ‘அந்தரங்க நண்பர்’ என்றால் மனதுக்கு மிக நெருங்கியவர், அவ்வளவுதான். இப்போது செய்திகளில் இந்தச் சொல் எங்கே வருகிறது என்று பாருங்கள்: அந்தரங்க உறுப்பு, அந்தரங்கக் காணொளி. சொல்லின் பொருள் சுருங்கிப் போய்விட்டது. அதனால் ஒரு பிள்ளையின் நிறையோ, ஊசி போட்ட திகதியோ, காய்ச்சலில் வந்த வலிப்போ ‘அந்தரங்கம்’ என்று சொன்னால் கேட்பவருக்கு விளங்குவதில்லை. “இதில என்ன அந்தரங்கம் இருக்கு?” என்ற கேள்வி அங்கிருந்துதான் வருகிறது. (நம் பேச்சில் ‘அந்தரப்படாதேங்கோ’ என்பது வேறு. அது ‘அந்தரம்’, நடுவில் தொங்கும் நிலை.)

அடுத்தது ‘இரகசியம்’. ‘ரஹஸ்’ என்றால் ஆளில்லாத தனி இடம், அங்கே நடப்பது ‘ரஹஸ்ய’. மூலத்தில் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் நம் காதில் இரகசியம் என்றால் ஒளித்து வைத்தது, தெரிந்தால் வெட்கப்பட வேண்டியது. பிள்ளையின் நோயைப் பற்றிப் பேசும்போது இந்த நிழல் விழக் கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். வலிப்பு வருவது வெட்கம் இல்லை. அதை யாருக்குச் சொல்வது என்பதை வீட்டார் தீர்மானிக்க வேண்டும், விஷயம் அது மட்டும்தான். ‘கமுக்கம்’ நல்ல தமிழ்ச் சொல்தான், ஆனால் “ஆள் கமுக்கமா இருந்திட்டான்” என்று சொல்லிச் சொல்லி அதில் ஒரு கள்ளத்தனம் ஏறிவிட்டது.

தமிழ்நாட்டு அரசின் ஆட்சிச் சொற்களில் இந்த முத்திரைக்கு ‘மந்தணம்’ என்று போடுகிறார்கள். மந்திரி, மந்திராலோசனை என்ற சொற்களோடு ஓசையிலும் பொருளிலும் நெருங்கி நிற்கும் சொல். நாலு பேர் கூடி வேறு யாருக்கும் கேட்காமல் பேசுவது என்ற உணர்வு அதில் இருக்கிறது. வைத்தியரும் தாயும் பேசுவதற்கு அது பொருந்துகிறது. இன்னும் பழையது ‘மறை’. வேதம் என்ற பொருளில் நமக்குத் தெரியும், ஆனால் குறளில் இரகசியம் என்ற பொருளிலும் வருகிறது. “அறைபறை அன்னர் கயவர்தாம் கேட்ட மறைபிறர்க்கு உய்த்துரைக்க லான்” (1076). கேட்ட மறையை மற்றவரிடம் கொண்டுபோய்ச் சொல்பவன் அடிக்கிற பறை போன்றவன். “அருமறை சோரும் அறிவிலான்” என்று இன்னொரு குறள் (847) தொடங்குகிறது. ‘சோரும்’ என்ற வினையைப் பாருங்கள். கை தளர்ந்து நழுவுவது, ஒழுகிப் போவது. இன்று ‘தரவு கசிந்தது’ என்று எழுதுகிறோமே, அதே படம்.

ஆங்கிலச் சொல்லின் வேரையும் ஒருமுறை பார்க்க வேண்டும். இலத்தீனில் ‘கொன்ஃபிதெரே’ என்றால் முழுதாக நம்புதல். ஒளிப்பது என்ற பொருள் அதில் இல்லை, நம்பி ஒப்படைப்பதுதான் இருக்கிறது. கிரேக்க நாட்டு ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வரும் வைத்தியர் உறுதிமொழியும், சிகிச்சையின்போது பார்த்ததையும் கேட்டதையும் ‘சொல்லத்தகாதவை’ என்று கருதி வெளியே பேசாமல் இருப்பேன் என்கிறது. உலக மருத்துவச் சங்கத்தின் 1948 ஆம் ஆண்டு ஜெனீவாப் பிரகடனமும் அந்த வாக்கைத் தொடர்ந்தது. ‘டேட்டா’வும் இலத்தீன்தான், ‘கொடுக்கப்பட்டவை’ என்று பொருள். நாம் போட்ட ‘தரவு’ம் ‘தா’ என்ற அடியில் பிறந்தது, தரப்பட்டது. இந்த ஒரு மொழிபெயர்ப்பு அச்சொட்டாக அமைந்துவிட்டது. கார்டில் இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் யாரோ ஒரு தாய் நம்பித் தந்தது என்பதைச் சொல்லே நினைவூட்டுகிறது.

அந்தக் கார்டில் எவ்வளவு இருக்கிறது என்று நாம் யோசிப்பதில்லை. ஆண் பிள்ளைக்கு நீலம், பெண் பிள்ளைக்கு இளஞ்சிவப்பு. பிறந்த திகதி, பிறந்தபோது இருந்த நிறை, தாயின் பெயர், விலாசம், பிறந்தவுடன் போட்ட பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி, 2, 4, 6 மாத ஊசிகள், பார்வை, கேட்டல், நடை, பேச்சு எல்லாம் ஒரே மட்டையில். வைத்தியசாலை தன் பக்கத்துப் பதிவேட்டை அலுமாரியில் வைத்துப் பூட்டலாம். இந்தக் கார்டோ பொலித்தீன் உறையில் வீட்டுச் சுவரில் தொங்குகிறது, பாடசாலை அனுமதிக்காகப் போட்டோக்கொப்பிக் கடைக்குப் போகிறது. கடையில் பிழையாக விழுந்த பிரதி எங்கே போகிறது? நான் ஒருமுறை வடை சுற்றிய தாளில் ஒரு பிள்ளையின் பெயரையும் ஊசித் திகதிகளையும் பார்த்தேன். அன்றிலிருந்து பிழைப் பிரதியையும் கேட்டு வாங்கிக் கிழிக்கிறேன்.

சட்டமும் இதைப் பேசுகிறது. இலங்கையின் 2022 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுகள் பாதுகாப்புச் சட்டம் சில தரவுகளைச் சிறப்பு வகை என்று பிரித்து வைக்கிறது. உடல்நலம் பற்றிய தரவு அதில் ஒன்று, பிள்ளை ஒருவரைப் பற்றிய தரவு இன்னொன்று. ஆக, பிள்ளையின் கிளினிக் பதிவு இரண்டு விதத்திலும் உள்ளே வருகிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எத்தனையோ கோப்புகளைத் திறந்து விட்டது, ஆனால் அதன் 5 ஆம் பிரிவு ஒருவரின் மருத்துவப் பதிவை அவருடைய எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் கொடுக்க முடியாது என்று நிறுத்தி வைக்கிறது. இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 16 ஆம் உறுப்புரை, பிள்ளைக்கும் தனியுரிமை உண்டு என்கிறது.

சுகாதார சேவைக்குள் இது நடைமுறையில் சின்னச் சின்ன விஷயங்களாகத்தான் இருக்கிறது: பெயரைக் கூப்பிடாமல் இலக்கத்தைக் கூப்பிடுவது, அந்தப் பிள்ளையைப் பார்க்கும் ஆட்கள் மட்டும் கோப்பைத் திறப்பது, மேலே அனுப்பும் கணக்கில் எண்ணிக்கை மட்டும் போவது, கணினியில் ஆளுக்கொரு கடவுச்சொல் வைத்திருப்பது.

எங்கள் மாவட்டத்துக்கு என்று ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழும் சிங்களமும் கலந்து வாழும் ஊர். வைத்தியருக்கு ஒரு மொழி, தாய்க்கு ஒரு மொழி என்று அமைந்துவிட்டால் இடையில் யாராவது வர வேண்டும். பெரும்பாலும் பக்கத்துக் கட்டிலில் இருக்கிறவர், இல்லாவிட்டால் கூட வந்த அயல்வீட்டு அக்கா. அவர் உதவி செய்யத்தான் வருகிறார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மூன்றாவது காது ஒன்று வந்துவிடுகிறது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பிள்ளையின் இதயத்தில் ஓட்டை என்று வைத்தியர் சொன்ன செய்தி, தாய் வீடு வந்து சேர முன்னமே ஒழுங்கை முழுக்கத் தெரிந்திருந்தது. மொழி தெரிந்த தாதியையோ ஊழியரையோ கேட்டுப் பெறுவதற்குத் தாய்க்கு உரிமை இருக்கிறது என்பதை யாராவது முன்கூட்டியே அவருக்குச் சொல்லியிருக்கலாம்.

அப்புறம் முகநூல். சத்திரசிகிச்சைக்குப் பணம் சேர்க்க வேண்டும் என்று பிள்ளையின் படம், வைத்தியசாலை நோயைக் குறித்துக் கொடுத்த டயக்னோசிஸ் கார்ட், தாயின் அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் சேர்த்துப் போடுகிறார்கள். தேவை உண்மையானது, கொடுக்கிறவர்களின் மனமும் நல்லது. பிள்ளை சுகமாகிப் பாடசாலைக்குப் போன பிறகும் அந்தப் படம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நோயின் பெயரை மறைத்து, வைத்தியரின் கடிதத்தை உதவுகிறவர் கேட்டால் மட்டும் நேரில் காட்டினால் போதுமே.

மந்தணத்துக்கு எல்லையும் உண்டு, அதையும் சொல்லாமல் விட்டால் விளக்கம் அரைகுறையாகிவிடும். டெங்கு போன்ற நோய் என்றால் வைத்தியர் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவிக்கத்தான் வேண்டும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடு தேடி வருவது அதனால்தான். பிள்ளையின் உடம்பில் அடித்த தழும்பைக் கண்டால், “வெளியில சொல்லாதேங்கோ” என்று வீட்டார் கெஞ்சினாலும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கம் அதற்காகவே இருக்கிறது. அப்போதுகூடத் தெரிய வேண்டியவருக்கு மட்டும்தான் போக வேண்டும், ஒழுங்கைக்கு அல்ல. பதினைந்து வயதுப் பிள்ளை தாயை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு வைத்தியரோடு பேச விரும்பினால் அதையும் மதிக்க வேண்டும். ‘யொவுன் பியச’ என்ற பெயரில் நடக்கும் இளையோர் சுகாதார நிலையங்கள் இப்படித் தனியாகப் பேச இடம் கொடுக்கின்றன.

சரி, தமிழில் என்ன போடலாம்? கோப்பின் மேல் குத்தும் முத்திரைக்கு ‘மந்தணம்’. காப்பாற்றும் கடமைக்கு ‘மறைகாப்பு’. ‘தனியுரிமை’ என்பது வேறு, அது பிள்ளையிடம் இருக்கும் உரிமை. மற்ற இரண்டும் சேவை செய்பவரின் பக்கத்தில் இருப்பவை. மூன்றையும் ஒன்றாகக் குழப்பி ‘அந்தரங்கம்’ என்று எழுதுவதை நான் நிறுத்திவிட்டேன். படிவத்தில் தாய்மாருக்காக எழுதும் இடத்தில் இந்தச் சொற்களும் வேண்டாம். “நீங்கள் சொல்வது எங்களோடு இருக்கும். பிள்ளையைப் பார்க்கும் ஆட்களுக்கு மட்டும் சொல்வோம்” என்று எழுதினால் எல்லோருக்கும் விளங்கும்.

அன்று அந்தத் தாய் குனிந்து சொன்னதைக் கேட்ட மிஸ், பேனையை மூடி வைத்தார். அடுத்த பிள்ளையைத் தராசில் மாட்டினார்கள். முள் நின்றதும் அவர் எண்ணைச் சொல்லவில்லை. எழுந்து போய் மேசையில் இருந்த கார்டில் தானே புள்ளி வைத்தார்.