பழைய டேப் ரெக்கார்டரை இறக்கியதும் பிளே பட்டனை அழுத்தாதீர்கள்

பழுது பார்க்க வரும் டேப் ரெக்கார்டர்களில் நிறைய, கடைசி ஐந்து நிமிடத்தில் கெட்டுப்போனவை. பல வருடம் பரணில் கிடந்திருக்கும். அப்பா குரல் பதிந்த கேசட் ஒன்று கையில் கிடைத்ததும் ஆசையாக இறக்கி, பிளக்கைச் சொருகி, பிளே அழுத்தியிருப்பார்கள். அப்புறம் புகை வரும், இல்லாவிட்டால் டேப்பை உள்ளே இழுத்துக் கசக்கிவிடும். மெஷினைப் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். அந்தக் குரலுக்கு மாற்று கிடையாது.

முதலில் மின்சாரம். கரன்ட் உள்ளே நுழையும் இடத்தில் இரைச்சலை வடிகட்ட ஒரு சின்ன கண்டன்சர் இருக்கும். ரெவாக்ஸ் பி77 போன்ற, கேசட்டுக்குப் பதில் திறந்த சக்கரத்தில் டேப் சுற்றியிருக்கும் ஸ்பூல் மெஷின்களில் இது பெரும்பாலும் ரிஃபா வகை: உள்ளே காகிதச் சுருள், மேலே கண்ணாடி போன்ற மஞ்சள் உறை. வயதானால் உறையில் மயிரிழை விரிசல்கள் விழும், அதன் வழியே ஈரம் காகிதத்தில் இறங்கும். கரன்ட் கொடுத்த சில நிமிடங்களில் பட்டென்று வெடித்து அறை முழுக்கப் புகையாகிவிடும். வேலை செய்கிறதா என்று சோதிக்கவே வேண்டாம், பார்த்தவுடன் மாற்றிவிடலாம். பவர் சப்ளையில் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர்களும் காய்ந்திருக்கும். அதனால் முதல் தடவை கரன்ட் கொடுக்கும்போது குண்டு பல்பு போட்ட சீரிஸ் போர்டு வழியாகத்தான் கொடுக்க வேண்டும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரிந்து காட்டிக்கொடுக்கும். கண்ணாடிக் குழாய் வால்வுகள் உள்ள பழைய மெஷின் என்றால், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆளைத் தூக்கிப்போடும் வோல்டேஜ் மிச்சமிருக்கலாம். பழக்கமில்லாதவர்கள் மூடியைத் திறக்கவே வேண்டாம்.

அடுத்து ரப்பர். பெல்ட்டுகள் உருகித் தாராக மாறியிருக்கும். கையில் ஒட்டினால் லேசில் போகாது. புது பெல்ட் போடுவது சுலபம், புல்லியில் அப்பியதை ஆல்கஹாலால் சுரண்டி எடுப்பதில்தான் பொழுது போகும். டேப்பை இழுத்து ஓட்டும் கேப்ஸ்டன் என்ற கம்பி மேல் டேப்பை அழுத்தும் பின்ச் ரோலர் பளபளவென்று இறுகியிருந்தால் டேப் ஓரத்துக்கு நழுவும். கேசட் 'சிக்குவதற்கு' முக்கியக் காரணம் இதுதான். இறுகிய கிரீஸ் மேலேயே புது எண்ணெய் விடுகிறவர்கள் உண்டு. அது கொஞ்ச நாள் ஓடும், பிறகு பழையபடி திணறும். பழையதை முழுக்கத் துடைத்தெடுத்த பிறகே புதிது.

டேப்பிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட்டை 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைக்கலாம். ஹெட்டின் காந்தத்தை நீக்கும் டீமேக்னடைசரைப் பயன்படுத்தினால் மெஷின் அணைந்திருக்க வேண்டும், டேப்புகள் எட்டத்தில் இருக்க வேண்டும். ஹெட் பக்கத்தில் வைத்துக்கொண்டே அதை அணைத்தால் இருந்ததைவிட அதிகக் காந்தம் ஏறிவிடும். மெதுவாக ஒரு மீட்டர் தூரமாவது விலக்கி, அப்புறம்தான் அணைக்க வேண்டும்.

இத்தனையும் சரியாக இருந்தும் டேப்பே ஓடாமல் போகலாம். 1970, 80-களில் வந்த சில ஸ்பூல் டேப்புகளில், குறிப்பாக ஆம்பெக்ஸ் 406, 456 போன்றவற்றில், காந்தத் துகளைப் பிடித்து வைக்கும் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடுகிறது. ஓட்டினால் கீச்சென்று அலறும், வேகம் குறையும், ஹெட்டில் பழுப்பாகப் படியும். அந்தப் பழுப்புதான் பதிந்திருந்த பாட்டு. அலறல் கேட்ட நொடியே நிறுத்துங்கள், ஃபார்வர்டு செய்தும் பார்க்காதீர்கள். இதற்கு வழி, ஏறக்குறைய 50 முதல் 54 டிகிரி செல்சியஸ் சூட்டில் எட்டு மணி நேரமாவது வைத்து உலர்த்துவது. சூடு ஒரே சீராக இருக்க வேண்டும், அதனால் சமையல் ஓவன் உதவாது. மைக்ரோவேவ் கூடவே கூடாது. உலர்த்திய டேப் சில வாரம் தாங்கும், பிறகு மறுபடி பிசுபிசுக்கும்.

ஆனால் எல்லா டேப்பையும் சூடாக்கக் கூடாது. ஸ்பூலைப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் ஊடுருவினால் அது அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த பழைய டேப், சூடு பட்டால் பாழ். வினிகர் வாடை அடித்தாலும் அசிடேட்தான். கேசட்டுகளில் இந்தப் பிசுபிசுப்பு அபூர்வம். அங்கே டேப்பை ஹெட்டோடு அழுத்தும் குட்டி ஃபெல்ட் துண்டு பசை விட்டு விழுந்திருக்கும், சத்தம் மங்கிவிடும். செத்துப்போன கேசட்டிலிருந்து ஒன்றை எடுத்து மாட்டினால் போதும்.

சரி, டேப் ஓடுகிறது, ஆனால் கம்பளி போர்த்திய மாதிரி கேட்கிறதா? ஹெட்டின் சாய்வைப் பாருங்கள். கேசட் வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை அதில் ஐந்து மைக்ரானுக்கும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான இடத்தில் அடங்கிவிடும். ஹெட் இம்மி சாய்ந்தாலும் கூர்மையான ஒலியெல்லாம் போய்விடும். பழைய நிலையைக் குறித்துக்கொண்டு, இரண்டு பக்க ஒலியையும் ஒன்றாக்கி மோனோவில் கேட்டபடியே ஹெட் பக்கத்துத் திருகை மெல்லத் திருப்புங்கள். 'ச', 'ஸ்' எல்லாம் எங்கே தெளிகிறதோ அங்கே நிறுத்துங்கள். ஒவ்வொரு டேப்புக்கும் இது மாறும், ஏனென்றால் பதிவு செய்த மெஷின் வேறு.

ஓடும் டேப்பை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுங்கள். பதிவின் தரம் குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். முடிந்தால் 96 கிலோஹெர்ட்ஸ். ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015-லேயே '2025-தான் கெடு' என்று எச்சரித்தது. டேப் அழிவது மட்டுமல்ல, மெஷினும் உதிரிபாகமும் அதைத் தொடத் தெரிந்த ஆட்களும் குறைவதும் அவர்கள் கவலை. முடிந்ததும் ஸ்பூலை வேகமாக ரீவைண்ட் செய்யாமல், ஓடி முடிந்த நிலையிலேயே பெட்டியில் போட்டு நிமிர்த்தி வையுங்கள். 'கடைசிப் பகுதி வெளியே' என்று பெட்டி மேல் எழுதியிருந்தால், அடுத்து எடுப்பவர் பாட்டைத் தலைகீழாகக் கேட்டுக் குழம்ப மாட்டார்.